எந்தப் பக்கமும் இல்லை

தென் கரோலினா
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி சந்திரகாந்தி எழுதுவது. உங்கள் புதிய காதுக் கருவி வந்ததா? தொலைபேசியில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். இனி மின்னஞ்சலில் எழுதுவதே இரண்டு பேருக்கும் நல்லது. இவருக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது என் வேலையோடு வருகிற காப்புறுதி. வேலை போனால் அதுவும் போய்விடும்.

நான் இங்கே கார்க் கதவுப் பூட்டுகள் பொருத்துவது, நீங்கள் ஜெர்மனியில், எசனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே கம்பனிக்குத்தான். அவர்கள் இங்கே வந்தபோது ஆளுநர் ரிப்பன் வெட்டினார். நெடுஞ்சாலையில் ‘அறுநூறு புதிய வேலைகள்’ என்று பலகை வைத்தார்கள். அதில் பாதிப் பேர் ஏஜென்சி ஆட்கள், நாலு வருடமாகத் தற்காலிகம். பிந்தி வந்தால் அரைப் புள்ளி, வராவிட்டால் முழுப் புள்ளி, ஆறு புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவருக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் நின்றதற்கு எனக்கு இரண்டு புள்ளி.

அதனால் நாங்கள் தொழிற்சங்கம் அமைக்கப் பார்க்கிறோம். மே மாதமளவில் வாக்கெடுப்பு. “சங்கம் வந்தால் ஜெர்மனிக்காரன் தொழிற்சாலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்” என்று மேலாளர் பயமுறுத்துகிறார். ஜெர்மனியிலேயே தொழிலாளர் மன்றம் இருக்கிறது, என் அண்ணையின் மருமகன்தான் அதன் துணைத் தலைவர் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மூன்று கேள்வி அண்ணை. உங்களுடைய மன்றத்துக்கு உண்மையில் அதிகாரம் இருக்கிறதா? அதில் சேர்ந்தவர்களை வேலையால் நிறுத்தியிருக்கிறார்களா? மருமகன் தபோதரன் எங்களுக்காக ஒரு சின்ன வீடியோவில் “நாங்கள் உங்கள் பக்கம்” என்று சொல்வாரா?

அன்புடன்
சந்திரகாந்தி

எசன்
18 பெப்ரவரி 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மச்சான் நித்தியானந்தனுக்குப் பேச்சுத் தெளிவது பெரிய ஆறுதல். காதுக் கருவி வந்துவிட்டது. கோப்பையில் கரண்டி படுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, மனிதர் பேசுவதுதான் கேட்கவில்லை. அதைச் சரிசெய்ய மார்ச்சில் ஒரு ரெர்மின், அதுதான் நாளும் நேரமும், குறித்துத் தந்திருக்கிறார்கள்.

உன் கேள்விகளுக்கு வரிசையாக எழுதுகிறேன்.

முதலாவது, இங்கே பெற்றீப்ஸ்ராட் என்று சொல்லப்படும் தொழிலாளர் மன்றம் சட்டப்படி அமைந்தது. வேலை நேரத்தை மாற்றுவதென்றாலும் நிர்வாகம் அதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அதில் சேர்ந்ததற்காக எவரையும் நிறுத்தியதாக நான் அறியவில்லை. இத்தனை வருடம் அங்கே பூட்டுப் பாகங்களை அளவெடுக்கும் அறையில் இருந்தும் நான் ஒரு கூட்டத்திலாவது வாய் திறந்ததில்லை. அது என் குறை, சட்டத்தின் குறையல்ல.

மூன்றாவது, கம்சனாவும் தபோதரனும் இன்று மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“மாமா, இதுக்கேன் இவ்வளவு இழுக்கிறியள்? மாமி கேட்டுச் செய்யாமல் விடுவனே?” என்றார் தபோதரன்.

“அப்பா உப்புக் கேக்கிறதுக்கே மூண்டு தரம் யோசிப்பார்” என்றாள் கம்சனா.

மன்றத்தில் இருக்கும் எல்லோரையும் தொழிற்சாலை வாசலில் நிறுத்திப் பதாகையோடு எடுக்கலாம் என்று அவரே சொன்னார். ஆகவே நீ உன் நண்பர்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் அவசரப்பட்டு எழுதுகிறேனோ தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் செய்கிறவர்.

அன்புள்ள அண்ணன்
மகேந்திரராஜா

தென் கரோலினா
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இவர் இன்று இடது கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்தார். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது, ஆனால் பிடித்தார். நீங்கள் மழையில் நடக்கப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டீர்களா?

சனிக்கிழமை தேவாலய மண்டபத்தில் எங்கள் கூட்டம். நான் எழும்பி, ஜெர்மனியிலிருந்து செய்தி வருகிறது, என் குடும்பத்து ஆளே பேசுவார் என்று சொல்லிவிட்டேன். என் வரிசையில் வேலை செய்கிற டெனிஸ் நல்ல வாய்க்காரி. இங்கே எல்லோருக்கும் நான் சாண்டி. “சாண்டி, உன்ர மருமகன் வந்து சொன்னால் என்ர புருசனும் கையெழுத்து வைப்பான். அந்த மனுசன் ஜெர்மன் காரைத் தவிர வேறொண்டையும் கும்பிடுறேல்லை” என்றாள். மண்டபமே சிரித்தது. ஆனால் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் பலர் அதற்குப் பிறகுதான் முன்னுக்கு வந்து சங்க விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்கள். சங்கத்தின் சொல்லைக் கேட்டு அல்ல, என் சொல்லைக் கேட்டு. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நாலு விஷயம் கேட்கிறேன். கருவியைச் சரிசெய்து தந்தார்களா? கம்சனாவின் முதுகு வலி எப்படி? வீடியோ எப்போது வரும்? துண்டுப் பிரசுரத்தில் என் படத்தைப் போடக் கேட்கிறார்கள், போடலாமா?

உங்கள்
சந்திரகாந்தி

எசன்
29 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். மச்சான் கோப்பையைப் பிடித்த செய்தியை இரண்டு முறை வாசித்தேன்.

முதலாவது, கருவியைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது மனிதர் பேசுவது கேட்கிறது. கேட்காமல் இருந்ததும் ஒரு விதத்தில் வசதிதான் என்று சில நேரம் தோன்றுகிறது.

இரண்டாவது, கம்சனாவின் முதுகு பரவாயில்லை. நீச்சலுக்குப் போகிறாள்.

நாலாவது, படத்தைப் போடாமல் விடுவது நல்லதென்று எனக்குப் படுகிறது. நீ குடும்பத்தின் ஒரே உழைப்பாளி. முன்னுக்கு நிற்க வேறு ஆட்கள் இருப்பார்கள்.

இங்கே ஈஸ்டர் விடுமுறை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து மன்றத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். எசனில் பூட்டு உற்பத்தி தொடருமா என்பதே கேள்வியாம். தபோதரன் வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. முகத்தில் சதையே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
மகேந்திரராஜா

தென் கரோலினா
6 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் கணக்கில் ஒரு வரியை விட்டால் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்ய வைத்தவர் நீங்கள்.

வாக்கெடுப்பு மே 16 என்று அறிவித்துவிட்டார்கள். படத்தைப் போட்டுவிட்டேன். அண்ணை, நான் கூப்பிட்டு வந்தவர்கள் முன்னுக்கு நிற்கும்போது நான் எப்படிப் பின்னுக்கு நிற்பது? மறுநாளே மேலாளர் என் வரிசைக்கு வந்து, “சாண்டி, படத்தில் நல்லாய் இருக்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் இப்போது நாலரைப் புள்ளி.

கம்சனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “மாமி, இவர் வேலை விசயம் ஒண்டும் வீட்டிலை கதைக்கிறேல்லை. அப்பாவிட்டைக் கேளுங்கோ” என்று வைத்துவிட்டாள். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். வேலைக் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஒரு நிமிட வீடியோ போதும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நான் மண்டபத்தில் எழும்பி, வராது என்று சொல்லிவிடுவேன். அந்த வெட்கத்தைத் தாங்கலாம்.

சந்திரகாந்தி

எசன்
27 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

மச்சானின் பயிற்சி எப்படிப் போகிறது? எனக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல் நாட்களைப் போக்கிவிட்டேன். மருமகனை நெருக்கிக் கேட்பது எனக்கு வராது. பெண் கொடுத்த வீட்டில் நான் இன்றுவரை அப்படிக் கதைத்ததில்லை. அது உனக்கும் தெரியும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. பேச்சுவார்த்தை முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 2031 வரை எசனில் பூட்டு உற்பத்தி தொடரும், எவரையும் நிறுத்தமாட்டார்கள். கம்சனா கேசரி செய்து கொண்டுவந்தாள்.

சென்ற ஞாயிறு தபோதரன் தனியாக வந்தார். உங்கள் தொழிற்சாலைக்கு அனுப்புகிற ஒரு செய்தியின் ஆங்கிலத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். பார்த்துக் கொடுத்தேன்.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கவனமாக இரு.

அண்ணன்
மகேந்திரராஜா

தென் கரோலினா
28 ஏப்ரல் 2024

என் அருமை அண்ணை,

உப்பை மட்டுமில்லை, ஊறுகாயையும் நிறுத்துங்கள்!

இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கக் கூடாதா? கடைசியில் எழுதி என்னைப் பதற வைத்துவிட்டீர்கள். செய்தி வருகிறது, அதுவும் என் அண்ணையின் ஆங்கிலத்தில்! இவருக்கு வாசித்துக் காட்டினேன். “மச்சான்... கெட்டிக்காரன்” என்று இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னார். டெனிஸுக்கு உடனே சொன்னேன். அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். எசனில் வேலைகள் நிலைத்ததும் பெரிய சந்தோஷம். அங்கே நீங்கள் பலமாக நின்றால்தானே இங்கே நாங்களும் நிற்கலாம்.

மருமகனைக் கோபித்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
சந்திரகாந்தி

எசன்
10 மே 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் வந்துவிட்டது. ரூர் ஆற்றங்கரையில் நடக்கிறேன். அழுத்தம் குறைந்திருக்கிறது.

எதையும் அதிகம் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. செய்திகள் பல மாதிரி இருக்கும். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
மகேந்திரராஜா

தென் கரோலினா
19 மே 2024

அண்ணைக்கு,

தோற்றுவிட்டோம். முப்பத்தொரு வாக்கு வித்தியாசம்.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாளுக்கு முன்னர் எல்லா வரிசையையும் நிறுத்தி, சாப்பாட்டு மண்டபத்தில் இருத்தி, பெரிய திரையைப் போட்டார்கள். “உங்கள் ஜெர்மன் நண்பர்களின் செய்தி” என்றார் மேலாளர். டெனிஸ் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “வருது, வருது, உன்ர ஆள் வருது!”

தபோதரன் வந்தார். வாசலும் இல்லை, பதாகையும் இல்லை. தனியாக, கோட் போட்டு, உங்கள் வரவேற்பறையில் இருந்தார். பின்னால் உங்கள் கண்ணாடி அலுமாரி. கம்சனாவின் கலியாணத்துக்கு வந்தபோது நான் படுத்த சோபா.

“முடிவு உங்களுடையது. உங்களுக்கு அறிவுரை கூறும் துணிவு எங்களுக்கு இல்லை. எங்கள் மன்றம் எந்தப் பக்கமும் இல்லை.” அவ்வளவுதான். நல்ல மரியாதையான ஆங்கிலம். ஒரு பிழை இல்லை.

மேலாளர் திரையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார். “ஜெர்மனிக்காரர்களே சங்கத்தின் பக்கம் நிற்கவில்லை. நீங்கள் ஏன் நிற்க வேண்டும்?” டெனிஸ் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். எனக்குப் பின்னால் ஒருவன், “சாண்டியின்ர குடும்பம் நல்ல குடும்பம்” என்றான். அதற்கும் சனம் சிரித்தது.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். படம் ஆடவேயில்லை. கைபேசியைப் பிடித்தது யார்?

சந்திரகாந்தி

எசன்
16 ஜூன் 2024

தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பிடித்தது நான்தான். கம்சனாவின் வீட்டில் குளியலறை உடைத்துக் கட்டுவதால் சத்தம் என்று இங்கே வந்தார். முதலில் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துப் பார்த்தோம், சரிந்துவிட்டது. பிறகு அவரே பிடித்துப் பார்த்தார், படம் ஆடியது. என் கை ஆடவில்லை. அளவெடுத்துப் பழகிய கை. அதை எண்ணித்தான் இப்போது எனக்கு நித்திரை வருவதில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

2031 வரை உற்பத்தியை வைத்திருக்கத் தலைமை அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது. கரோலினா வாக்கெடுப்பில் மன்றம் தலையிடக் கூடாது, தலையிடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். மன்றத்தில் நல்ல ஆங்கிலம் பேசுகிறவர் தபோதரன். அவர் என்னிடம் சொன்னது இது. “மாமா, இஞ்சை நானூறு குடும்பம். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ.” நான் தாளை வாங்கினேன். ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதியிருந்தார். அது முரட்டுத்தனமாகப் பட்டது. ‘அறிவுரை கூறும் துணிவு எங்களுக்கு இல்லை’ என்று மாற்றினேன். உன் மனம் நோகாமல் இருக்கட்டும் என்றுதான் மாற்றினேன். அதை இப்போது எழுதும்போது எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது.

உன் சந்தோஷமான கடிதம் வந்தபோது உண்மையை எழுதத் தொடங்கினேன். மூன்று நாள் எழுதினேன், அனுப்பவில்லை. நீ மண்டபத்தில் எழும்பி, வராது என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அந்த நேரத்தை உன்னிடமிருந்து எடுத்தது தபோதரன் அல்ல, கம்பனியும் அல்ல.

மகேந்திரராஜா

எசன்
22 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

மூன்று கடிதம் எழுதினேன். நீ பதில் போடாதது நியாயம். ஜூலையில் உன்னை நிறுத்திவிட்டார்கள் என்றும், மச்சானை இருமல் என்று வைத்தியரிடம் கொண்டுபோன அன்று ஆறாவது புள்ளி போட்டார்கள் என்றும் கம்சனா சொன்னாள். பயிற்சியும் நின்றுவிட்டதாமே. நான் அனுப்பிய காசை நீ திருப்பி அனுப்பிவிட்டாய்.

இங்கே நடந்ததை நீ அறிய வேண்டும். பூட்டு உற்பத்தியை எசனிலிருந்து எடுத்து உங்கள் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். ஒப்பந்தத்தில் ‘போட்டியிடக்கூடிய செலவில்’ என்று ஒரு வசனம் இருந்தது. சங்கம் இல்லாத கரோலினாவின் செலவோடு இனி எசன் போட்டியிட முடியாதாம். “மாமா, எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டாங்கள்” என்று தபோதரன் என் சோபாவில் இருந்து அழுதார். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். அங்குள்ள தொழிலாளர்கள் சிலர், எசனின் இயந்திரங்கள் எசனிலேயே இருக்கட்டும் என்று ஒரு செய்தி தந்தால் இங்கே பத்திரிகைக்குக் கொடுக்கலாமாம். “மாமியிட்டைக் கேட்டுப் பாருங்கோ, உங்களுக்கெண்டால் செய்வா” என்றார். நான் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டதை உனக்குத் தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகுதான் விளங்குகிறது, இதுவும் கேட்பதுதான்.

மகேந்திரராஜா

தென் கரோலினா
6 ஒக்ரோபர் 2024

அண்ணைக்கு,

இவர் இருக்கிறார். நான் இருக்கிறேன். மோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறேன். காப்புறுதி இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்ததை வைத்து இவருடைய கையை நானே நீட்டி மடக்குகிறேன். சரியாகச் செய்கிறேனா என்று தெரியாது.

மருமகன் கேட்டதைச் செய்யப் பார்த்தேன். முதலில் டெனிஸிடம் போனேன். அவள் கதவை முழுவதும் திறக்கவில்லை. “சாண்டி, நானூறு வேலை வருகுது. என்ர மகன் விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவங்கள் எங்களுக்காக நிக்கேல்லை. நான் என்ர பிள்ளைக்கு எதிராய் அவங்களுக்காக நிக்கோணுமோ?” என்றாள். அந்த வேலைகள் ஏஜென்சிக்குத்தான் போகும் என்று சொன்னேன். “வேலை வேலைதான்” என்றாள். வேறு ஏழு பேரைக் கேட்டேன். என்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள். ஒருவர் காரிலிருந்து இறங்கவேயில்லை. ஊர் முழுக்கச் சந்தோஷமாக இருக்கிறது. அங்கே எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறார்களோ அத்தனையையும் இங்கே புதிய வேலை என்று கொண்டாடுகிறார்கள்.

ஆகவே நான் மட்டும்தான். தொழிற்சாலை வாசலுக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கைபேசியை முன்கண்ணாடியில் சாத்தி வைத்துவிட்டு நின்றேன். இரண்டு தரம் விழுந்தது. காற்று. என்னை இந்தக் கம்பனி நிறுத்தியது, என்னோடு வர ஒருவரும் இல்லை, ஆனாலும் நான் எசன் தொழிலாளர்கள் பக்கம் என்று சொன்னேன். என் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். நேரே மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. அங்கே அந்த நானூறு பேரில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அவள் பார்க்கட்டும்.

மருமகன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது ஒரு நாள் போகும். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம்தான் நான் கேட்டேன், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள் என்று. உங்கள் கடிதத்தை நம்பித்தான் அந்தத் திரைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். இவருக்கு எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் இவருடைய முகம் மாறுகிறது, அதை நான் கெடுக்க விரும்பவில்லை. இவரால் வாசிக்க ஏலாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பேன். ஆனால் மேலே இவருடைய பெயரைப் போடுங்கள்.

சந்திரகாந்தி